பன்னிரண்டு அடி அறை

அடியில் பேசுகிறவர்களுக்கு மீட்டரில் எழுதிக் கொடுப்பதுதான் பல வருடம் என் பிழைப்பு. தல்லாகுளத்தில் ஒரு பொறியாளரின் அலுவலகம். வீடு கட்ட நினைப்பவர்கள் வந்து உட்கார்ந்து, "ஹால் பதினாறுக்குப் பதினொண்ணு, சமையல்கட்டு பத்துக்கு எட்டு" என்பார்கள். மாநகராட்சிக்குப் போகும் வரைபடத்திலோ எல்லாம் மீட்டரில் இருக்க வேண்டும். நடுவில் நான், ஒரு கால்குலேட்டர், பூஜ்யம் புள்ளி மூன்று பூஜ்யம் நான்கு எட்டு. ஓர் அடிக்கு அத்தனை மீட்டர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லிவிடுவேன். எழுப்பினவரை மட்டும் சும்மா விட மாட்டேன்.

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் அளவை வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. மனையடி சாஸ்திரம் என்று ஒரு சின்னப் புத்தகம், பஞ்சாங்கம் விற்கிற கடையில் எல்லாம் கிடைக்கும். அறையின் உள்நீளம் இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பத்து நல்லது, பதினொன்று நல்லது, பன்னிரண்டு ஆகாது, பதினாறு அமோகம். நான் பதினோரு அடியை மீட்டராக்கி மூன்று புள்ளி மூன்று ஐந்து என்று எழுதுவேன். ஓய்வு பெற்ற ஒருவர் அதை வீட்டில் உட்கார்ந்து திரும்ப அடியாக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் அலுவலகம் திறக்கும்முன் வந்து நின்றார்.

"ஏம்மா, பதினொண்ணுக்கு ஒரு நூல் கொறையுதே. இதுக்குப் பதினொண்ணோட பலனா, பத்தோட பலனா?"

அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைக் கொத்தனார்கள் நூல் என்பார்கள்.

"ஒரு நூல்தான சார், பூச்சுல சரியாயிரும்" என்றேன்.

"பூசுனா இன்னும்ல கொறையும்?"

நியாயமான கேள்விதான். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. "அப்ப செவுத்தக் கொஞ்சம் வயித்த எக்கிக்கச் சொல்லுங்க சார்" என்றேன். உள்ளேயிருந்து பொறியாளர் இருமினார். வாயை மூடு என்பதற்கு அவர் வைத்திருந்த இருமல் அது. அந்த இருமலை வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுவேன்.

இந்த வாயோடுதான் என்னைச் செல்லூரில் கட்டிக் கொடுத்தார்கள். முன்னால் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் நான்கு விசைத்தறி ஓடுகிற கொட்டகை. மாமனார் இறந்த பிறகு தறிகளைக் கட்டிக் காத்தவர் என் மாமியார். கல்யாணம் நிச்சயமானதும், எங்களுக்கென்று கூடத்துக்கும் தறிக்கொட்டகைக்கும் இடையில் ஓர் அறையை அவரே நின்று கட்டி முடித்திருந்தார். எனக்கும் அவருக்கும் அப்படி ஒன்றும் கொஞ்சல் கிடையாது. குழம்பில் உப்பு, நான் வேலை முடிந்து வருகிற நேரம், கொடியில் துணி காயப்போடுகிற விதம் என்று எதற்கும் முட்டிக்கொள்வோம். செல்லூரில் எல்லோரும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். அதனால் நாங்கள் போடுவது சண்டையா பேச்சா என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. எங்களுக்கே சில நேரம் தெரியாது.

மூன்று வருடம் ஆயிற்று. எனக்குக் குழந்தை இல்லை.

எங்கள் பக்கத்தில் நேராகக் கேட்க மாட்டார்கள். "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்பார்கள். காய்க்காரம்மா கேட்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண் கேட்பாள். முதல் வருடம் சிரித்தேன், இரண்டாம் வருடம் முறைத்தேன், மூன்றாம் வருடம் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவர் மாமனாரின் அக்கா. எனக்குப் பெரியம்மா முறை. மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அவருடைய கடைசி மகள் என் வீட்டுக்காரருக்கு முறைப்பெண். அந்தப் பெண்ணைத்தான் முதலில் பேசியிருந்தார்கள், ஜாதகம் சேரவில்லை என்று விட்டுப்போயிருந்தது. பெரியம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த ஏக்கம் தீரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஏக்கம் என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனையடி பார்க்கிற ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நல்ல வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, பைக்குள் ஓர் இரும்பு டேப். மாமியார் பின்னால் தறியில் இருந்தார். என் வீட்டுக்காரரை டேப்பின் முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்த மனிதர் எங்கள் அறையை அளந்தார். குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பன்னெண்டு" என்றார்.

பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"பன்னெண்டு ஆகாது தாயி. புத்திர பாக்கியத்துக்குத் தடை. ஒரு அடி கொறைச்சுப் பதினொண்ணாக்கணும். உள்ளுக்குள்ள ஒட்டுச்செவுரு வைக்கிற சோலியெல்லாம் செல்லாது. இடிச்சு, அஸ்திவாரத்துல இருந்து எழுப்பணும். அதுவரைக்கும் புருசன் பொண்டாட்டி இந்த அறையில இருக்கக் கூடாது."

அந்தச் சுவரின் மேல்தான் தறிக்கொட்டகையின் கூரை உட்கார்ந்திருந்தது. அதை இடித்தால் நான்கு தறியும் நிற்க வேண்டும். தறி நின்றால் வீடு நிற்க வேண்டும். ஆக இடிக்கிற வேலை இன்றைக்கு நாளைக்கு நடக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மா சொன்னார்: "அப்ப இடிச்சுக் கட்டுற மட்டும் அவ அவுக அம்மா வீட்டுல போய் இருக்கட்டும். நல்லதுக்குத்தான சொல்றாக."

கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பெட்டி ஒருமுறை வாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். பேசப் பேச அந்தக் கொஞ்ச நாள் நீளும். அதற்குள் இந்தப் பக்கம் ஒரு முறைப்பெண் தயாராக இருப்பாள். நான் வாழ்கிற வீடு ஒரு டேப்பின் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்திருந்ததோ என் புருஷன்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா?

"அந்தப் புத்தகம் எழுதுனப்ப இந்த இரும்பு டேப்பு இருந்துச்சா? யாரு பாதத்த வச்சு அடின்னு அளந்தாகளோ! ஒங்க டேப்புல இருக்கிறது வெள்ளைக்காரன் அடி. ரெண்டும் ஒண்ணுன்னு யாரு சொன்னா? நான் தெனமும் இதத்தான் பாக்குறேன், எனக்கே அளவு சொல்லித் தர்றீகளா?"

சொன்னதில் தப்பில்லை. சொன்ன ஆள்தான் தப்பு. பெரியம்மா அமைதியாக என்னைப் பார்த்தார்.

"வயிறு தெறக்கல, வாய் மட்டும் நல்லாத் தெறக்குது" என்றார்.

என் வீட்டுக்காரர் டேப்பைப் பார்த்தபடியே, "விடு, நீ பேசாம இரு" என்றார். அந்த நிமிடம் பெரியம்மாவைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம். நல்ல மனிதர், ஆனால் பெரியவர்களுக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பின்பக்கத்திலிருந்து மாமியார் வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. பெரியம்மா நடந்ததைச் சொன்னார். மாமியார் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். பிறகு மகன் பிடித்திருந்த டேப்பைத் தான் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏண்ணே, இந்த ஓரத்துல வேற கோடு போட்டுருக்கே. இது என்னது?"

"அது மீட்டரும்மா."

"மீட்டர்ல இந்த அறை எம்புட்டு வருது?"

அந்த மனிதர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் குனிந்து பன்னிரண்டு அடிக்கு நேரே இருந்ததைப் படித்தார். "மூணு மீட்டர் அறுபத்தாறும்மா."

"மூணு அறுபத்தாறுக்கு ஒங்க புத்தகத்துல என்னண்ணே போட்டுருக்கு?"

அவர் சிரித்துவிட்டார். "மீட்டருக்குச் சாஸ்திரத்துல பலன் கெடையாது தாயி."

"நல்ல பலன் கெடையாதா, கெட்ட பலன் கெடையாதா?"

"ரெண்டும் கெடையாது."

"அப்பச் சரி" என்றார் மாமியார். டேப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். "இந்த வீட்டுல சோறே மீட்டர்லதேன் வருது. நெய்யிறது மீட்டரு, கூலி மீட்டரு, எம் மருமக ஆபீஸ்ல படம் போடுறதும் மீட்டரு. இந்த அறையவும் நான் மீட்டர்லதேன் கட்டுனேன். அடி கணக்கு இங்க எதுக்கு? காபி போடுறேன், குடிச்சிட்டுப் போங்க."

பெரியம்மா விடவில்லை. "அறையா இப்பப் பேச்சு? அவ கொஞ்ச நாளைக்கு..."

"அவ எங்கயும் போகல மதினி. ஒங்களுக்குச் சீனி கொறைச்சா, கூடவா?"

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. மனையடி பார்த்தவர் காபியை ரசித்துக் குடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "ஒங்க மாமியார்கிட்ட எந்தச் சாஸ்திரமும் நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சமையல்கட்டுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். என் பக்கம் ஓர் ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் யார்? முந்தின நாள் மாலைதான் கொடிக்கயிறு விஷயத்தில் அவரோடு பேசமாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் டாக்டரிடம் போனோம். கருக்குழாய் இரண்டும் அடைத்திருக்கிறது என்றார் அந்த டாக்டரம்மா. சின்ன வயதில் எப்போதோ வந்த நோயில் நேர்ந்திருக்கலாம், கல்யாணத்துக்கு வெகுநாள் முந்தியே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். வைத்தியம் உண்டு, உறுதி சொல்ல முடியாது. திரும்பி வருகிற வழியில் கோரிப்பாளையத்தில் ஒரு கடையில் நின்று டீ குடித்தோம். அந்த இரைச்சலில் என் வீட்டுக்காரர், "அம்மாகிட்ட இப்பச் சொல்ல வேணாம். எனக்கு நீ இருந்தாப் போதும்" என்றார். பெரியவர்கள் இல்லாத இடத்தில் அவருக்கு நாக்கு நன்றாகவே வேலை செய்யும். வைத்தியமும் பார்த்தோம். பலிக்கவில்லை.

பெரியம்மாவின் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நான் முன்னால் நின்று தட்டு தூக்கினேன். மனசார வாழ்த்தினேன், அதில் கொஞ்சம் சுயநலமும் இருந்தது.

இன்னும் ஒரு வருடம் போயிருக்கும். ஒரு நாள் மதியம், பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். நான் காய்ச்சலுக்கு லீவு போட்டுப் படுத்திருந்தேன். செல்லூரில் தறி நின்றால் வருகிற அமைதி விநோதமாக இருக்கும். தெருக்கோடியில் ஒருவர் தும்மினால்கூடக் கேட்கும். மாமியார் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அறை வாசலிலேயே உட்கார்ந்தார்.

"ஏத்தா, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு அந்த மனையடிக்காரர் சொன்னது நெசமா இருக்குமோ?"

"என்ன அத்த இது? நீங்கதான மீட்டருன்னு சொல்லி வெரட்டிவிட்டீங்க?"

"மீட்டராவது கீட்டராவது! கொத்தனாரு அடியிலதேன் கட்டுனாரு. டேப்போட மறுமுனையப் புடிச்சதே நாந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று.

"பதினொண்ணோட நிப்பாட்டிருவோம்க்கா, பன்னெண்டு ஆகாதுன்னு அந்த மனுசன் தலையில அடிச்சுக்கிட்டாரு. நாந்தேன் இன்னொரு அடி போடுங்கன்னேன். ஒன்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க வீட்டுல ஒரு பெரிய மேசை, பலகை சாஞ்சாப்புல கெடந்துச்சுல்ல? இந்தப் புள்ள கல்யாணத்துக்கு அப்பறமும் படம் போடணுமே, கட்டில் பீரோவெல்லாம் போட்டா அதுக்கு எடம் பத்தாதேன்னு நெனைச்சேன். அந்த ஒரு அடிதேன் ஒனக்கு வினையாப் போச்சோன்னு எனக்குத் தூக்கமே இல்லத்தா."

அவர் அழுதார். நான்கு தறியைத் தனியாக ஓட்டியவர், புருஷன் செத்த வீட்டில் மறுவாரமே நூல் வாங்கப் போனவர், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

கல்யாணத்தோடு என்கூட வந்த அந்த மேசை ஜன்னலை ஒட்டி இடிபடாமல் நிற்பதை நான் தினமும் பார்த்தவள். ராத்திரி சாப்பாடு ஆனதும் அதில்தான் வரைவேன். அது அப்படிப் பொருந்தி நிற்பது தானாக அமைந்தது என்று நினைத்திருந்தேன். அடியையும் மீட்டரையும் மாற்றி மாற்றிப் போட்டே காலம் தள்ளிய எனக்கு, என் சொந்த அறை ஏன் பன்னிரண்டு என்று கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப அன்னைக்கே இடிக்கச் சொல்லியிருக்கலாம்ல அத்த? ஏன் மறுத்தீங்க?"

"செவுத்த இடிக்கிறது பெரிய காரியமா? தறி நின்னா நின்னுட்டுப் போகுது. நீ பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா திரும்பி வருவியா? ஒன் கோவம் எனக்குத் தெரியாதாக்கும்?"

வரமாட்டேன்தான். செத்தாலும் வந்திருக்க மாட்டேன். என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத்தான் வசதி. குறை சுவரில் இருக்கிறது என்று அவரே நம்புகிறார், நம்பிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்த எண்ணம் வந்ததும் உண்மை. ஆனால் எனக்காகக் கேட்டு வாங்கிய ஓர் அடியை நினைத்து நினைத்து இந்த மனுஷி தூக்கம் கெட்டுக் கிடப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? எழுந்து உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். என் உடம்பில்தான் அத்தை, கல்யாணத்துக்கு முந்தியே, இனிமேல் நடக்கிறது கஷ்டம்தான் என்று சொல்லி முடித்தேன்.

அவர் திரும்பித் தறிப்பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"அப்ப அந்தச் செவுரு இல்லையா?"

"இல்ல அத்த. செவுரு என்ன பண்ணுச்சு, பாவம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே மகன். இந்த வீட்டில் பேரப்பிள்ளை சத்தம் கேட்கப்போவதில்லை என்று இப்போதுதான், என் வாயாலேயே கேட்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் கிடந்த என் பெட்டி என் நினைவுக்கு வந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்க ரெண்டு பேருக்கும் டாக்டருக்கும்."

"நாலாவதா எனக்கு. இதோட நிக்கட்டும்." கஞ்சி டம்ளரை எடுத்து என் கையில் வைத்தார். "இனிமே எவளாச்சும் விசேஷமான்னு கேட்டா, அறை பன்னெண்டு அடின்னு சொல்லிரு. எங்க மாமியா தெரியாத்தனமாக் கட்டிப்புட்டாகன்னு சொல்லு. ஆறுது பாரு, குடி."

நான் சொல்ல வேண்டியே வரவில்லை. அவரே சொன்னார். கல்யாண வீடுகளுக்கு என்னைக் கையோடு அழைத்துப் போனார். யாராவது என் பக்கம் திரும்பி வாயெடுத்தால் முந்திக்கொண்டு, "எல்லாம் நான் செஞ்ச தப்புதேன், அறை ஒரு அடி கூடப் போயிருச்சு" என்பார். பெரியம்மாவிடமே, "அன்னைக்கு மீட்டருன்னு நான் சாதிச்சேன் மதினி, நீங்க சொன்ன பன்னெண்டுதேன் சரி" என்று தலை குனிந்து ஒப்புக்கொண்டார். அப்போது அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் என் மாமியாரைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள்.